முதலில் வாங்குவது பிறகு இரண்டாவதாகும்: டைவ் கம்ப்யூட்டர் பற்றிச் சில கருத்துகள்

திருப்பதியில் அமர்ந்து ஆய்வு செய்யும் ஒருவர் கடலடியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். ஆனால் இங்கிருந்து சென்னைக் கடற்கரை நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் உள்ளது. புதுச்சேரி ஒரு பகற்பொழுதுப் பயணம். சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழ் பேசும் ஆய்வு மாணவர்களில் கடல்சார் தொல்லியல், பவள உயிரியல், கடற்புற்கள் என்று பல காரணங்களுக்காக முக்குளிப்புப் பயிற்சி பெறுவோர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒரே கேள்வி ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது: “இப்போது சாதாரண ஸ்கூபாதான் செய்கிறேன். பின்னாளில் டெக்னிக்கல் டைவிங் போக எண்ணம். அதை மனத்தில் வைத்து இப்போதே எந்த டைவ் கம்ப்யூட்டர் வாங்கலாம்?”

இதற்குப் பெரும்பாலோர் தரும் விடை, “ஒரே முறை வாங்குங்கள், உயர்ந்ததாகவே வாங்குங்கள்” என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்கு நேர் எதிராக, “கிடைப்பதில் மலிவானதை வாங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்” என்போரையும் ஏற்க இயலவில்லை. காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், டெக்னிக்கல் டைவிங் என்றால் நம் பக்கத்தில் எது? பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். அதிலும் எந்தக் கணத்திலும் நேராக மேலே வந்துவிடலாம் என்ற நிலை மாறக்கூடாது. அந்த எல்லையைக் கடந்தோ, மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று நின்று வரவேண்டிய அளவுக்கு நேரம் செலவிட்டோ, ஒன்றுக்கு மேற்பட்ட வாயுக் கலவைகளைப் பயன்படுத்தியோ செய்வது டெக்னிக்கல் டைவிங். தமிழ் நிலத்துக்கு மிக அருகில் இதற்குரிய இடம் மட்டக்களப்புக் கடல்தான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்ம்ஸ் அங்கே ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதற்கப்பல் அது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அன்று அதனோடு மாண்டனர். இந்தியாவிலிருந்து டெக்னிக்கல் டைவிங் கனவோடு கிளம்புவோரில் பலருக்கு அதுவே முதல் இலக்கு.

அந்த 53 மீட்டரைச் சற்று எண்ணிப் பாருங்கள். அங்கே மொத்த அழுத்தம் 6.3 பார். வெறும் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜனின் பங்கு மட்டும் 5 பார் அளவுக்கு வந்துவிடும். மனம் மந்தமாகும், கணக்குத் தவறும், அபாயமும் அபாயமாகத் தெரியாது. இதைத் தவிர்க்கவே ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ். 21 விழுக்காடு ஆக்சிஜன், 35 விழுக்காடு ஹீலியம், எஞ்சியது நைட்ரஜன் என்ற கலவையில், நைட்ரஜனின் அழுத்தம் காற்றோடு 25 மீட்டரில் இருப்பதற்குச் சமமாகக் குறைந்துவிடுகிறது. ஏறி வரும்போது 22 மீட்டருக்கு மேல் 50 விழுக்காடு நைட்ராக்ஸுக்கு மாறலாம்; 6 மீட்டரில் தூய ஆக்சிஜன். ஆக மூன்று வாயுக்கள், அவற்றில் ஒன்றில் ஹீலியம், மேலே வரும் வழியில் பல நிறுத்தங்கள். இவையனைத்தையும் உடனுக்குடன் கணக்கிடும் கருவிக்கே டெக்னிக்கல் டைவ் கம்ப்யூட்டர் என்று பெயர்.

இதற்கு மறுபக்கத்தில், நம் ஆய்வுக்களங்கள் எங்கே இருக்கின்றன? பூம்புகார்க் கடலில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்த, குதிரை லாட வடிவக் கட்டுமானம் என்று பேசப்படும் அமைப்பு 23 மீட்டர் ஆழத்தில்தான் உள்ளது. மன்னார் வளைகுடாவில் பழைய முத்துப் பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டருக்குள் அடங்குகின்றன. தீவுகளை ஒட்டிய பவளத் திட்டுகளோ அதைவிடவும் ஆழம் குறைந்தவை. 23 மீட்டரில் காற்றோடு ஏறத்தாழ அரைமணி நேரம் நிறுத்தமின்றி இருக்கலாம். 32 விழுக்காடு நைட்ராக்ஸ் எடுத்தால் உடல் நைட்ரஜனை ஏற்கும் அளவு பதினெட்டரை மீட்டரில் காற்றோடு இருப்பதற்கு ஒப்பாகிறது. அதே இடத்தில் ஐம்பது நிமிடத்தை நெருங்கலாம். ஆய்வாளருக்கு ஹீலியத்தைவிட இந்த இருபது நிமிடம் பெரிது. இதைச் சொல்வதற்குக் காரணம், “எதிர்காலம்” என்ற சொல்லை நாம் பல நேரங்களில் நம் வேலையின் தேவையிலிருந்து பெறுவதில்லை, காணொளிகளிலிருந்து பெறுகிறோம். இடைநிலை ஆழப் பவளங்களை, அதாவது 30 மீட்டருக்குக் கீழே 150 மீட்டர் வரை வாழ்பவற்றை ஆராயப் புறப்படுவோருக்கு மட்டுமே டெக்னிக்கல் டைவிங் உண்மையான பணிக்கருவி. மற்றவர்களுக்கு அது விருப்பம். விருப்பத்தில் தவறேதும் இல்லை; ஆனால் விருப்பத்துக்கான செலவை வேலைக்கான செலவென்று நம்மையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

இனிக் கருவியின் உள்ளே செல்வோம். வாங்குவோர் பெரும்பாலும் திரை, பட்டை, வண்ணம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கணக்குமுறை.

ஸ்காட்லாந்து உடலியலாளர் ஹால்டேன் 1908இல் வெளியிட்ட ஆய்வே இத்துறையின் அடித்தளம். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, உடலின் வெவ்வேறு திசுக்கள் வெவ்வேறு வேகத்தில் நைட்ரஜனை ஏற்று வெளியேற்றுகின்றன என்ற கருத்தைக் கணக்காக்கினார். சூரிச்சைச் சேர்ந்த பூல்மன் அதை விரித்து 16 கற்பனைத் திசு அறைகளாக்கினார். விரைவான அறையின் அரைக்காலம் 4 நிமிடம். மெதுவானதன் அரைக்காலம் 635 நிமிடம், பத்து மணி நேரத்துக்கும் மேல். ஒவ்வோர் அறைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த அறையில் தேங்கிய வாயுவின் அழுத்தம் சுற்றியுள்ள அழுத்தத்தைவிட எவ்வளவு மிகலாம் என்பதே அவ்வரம்பு. இசட்எச்எல்-16சி என்று கருவிப் பெட்டிகளில் அச்சிடப்பட்டிருப்பது இந்தக் கணக்குதான். இது வெளியிடப்பட்ட கணக்கு. யாரும் படிக்கலாம், தாளில் போட்டுச் சரிபார்க்கலாம்.

அந்த உச்சவரம்பு வரை செல்வது துணிச்சல். எனவே எரிக் பேக்கர் என்பவர் 1990களில் கிரேடியன்ட் ஃபேக்டர் என்ற முறையை அமைத்தார். 40/85 போன்ற இரண்டு எண்கள். சுற்றழுத்தத்துக்கும் உச்சவரம்புக்கும் இடைப்பட்ட தொலைவில் எத்தனை விழுக்காடு வரை செல்ல நாம் இசைகிறோம் என்பதை அவை சொல்கின்றன. முதல் எண் முதல் நிறுத்தம் எவ்வளவு ஆழத்தில் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் எண் நீர்மட்டத்துக்கு வரும்போது உடலில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்பதை. முதல் எண்ணைக் குறைத்தால் நிறுத்தங்கள் ஆழத்துக்கு இறங்கும். இரண்டாவதைக் குறைத்தால் கடைசி நிறுத்தம் நீளும்.

வேறு கருவிகள் வேறு வழியில் செல்கின்றன. நுண்குமிழிகளைக் கணக்கில் கொள்ளும் ஆர்ஜிபிஎம் வகைக் கணக்குகள் பல தொடக்கநிலைக் கருவிகளில் உள்ளன. சூன்டோ ஜூப் போன்றவற்றில் பயனர் மாற்றக்கூடியது பி0, பி1, பி2 என்ற மூன்று படிகள் மட்டுமே. அவை பாதுகாப்பற்றவை என்று நான் சொல்லவில்லை. எண்ணற்றோர் அவற்றோடு நலமாக முக்குளிக்கிறார்கள். என் குறை வேறு: அவை எதைச் செய்கின்றன என்பதை நாம் அறிய இயலாது, எனவே அவற்றிடமிருந்து கற்றுக்கொள்ளவும் இயலாது. பின்னாளில் டெக்னிக்கல் வகுப்பில் ஆசிரியர் “50/80 வைத்துக்கொள்ளுங்கள்” என்பார். அதுவரை நூறு முறை கடலில் இறங்கியிருந்தும் அந்த எண்கள் அந்நியமாகவே இருக்கும்.

அந்த எண்களைப் பற்றிய கருத்தே காலந்தோறும் மாறி வந்துள்ளது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் ஆழ்நிறுத்தங்கள் குமிழிகளை முளையிலேயே தடுக்கும் என்ற நம்பிக்கை வலுவாக இருந்தது. 20, 30 என்று முதல் எண்ணைத் தாழ்த்தி வைப்பதே அறிவுடைமை எனக் கருதப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு 2011இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அதை அசைத்துவிட்டது. மொத்த நிறுத்த நேரம் சமமாக இருக்கையில், ஆழத்தில் அதிக நேரம் நின்றவர்களுக்கே அழுத்த நோய் கூடுதலாக வந்தது. ஆழத்தில் நிற்கும் நேரத்தில் மெதுவான திசுக்கள் இன்னும் வாயுவை ஏற்றுக்கொண்டிருக்கின்றன என்பதே அதற்குத் தரப்படும் விளக்கம். இதன்பின் பலர் முதல் எண்ணை 50க்கு மேல் உயர்த்தினார்கள். எண்களை மாற்ற இடமளிக்கும் கருவியை வைத்திருந்தோருக்கு அது ஒரு நிமிட வேலை. கணக்கு மூடப்பட்ட கருவி வைத்திருந்தோர் நிறுவனம் என்ன முடிவெடுக்கும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. “எதிர்காலத்தை மனத்தில் வைத்து” என்ற சொற்றொடருக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான். ஆழம் கூடுவதைவிட, அறிவு மாறும்போது கருவியும் மாற இடமிருக்கிறதா என்பது முக்கியம்.

இப்போது என் முதன்மை வாதத்துக்கு வருகிறேன். டெக்னிக்கல் டைவிங்கில் யாரும் ஒரே கம்ப்யூட்டரோடு இறங்குவதில்லை. ஒன்று செத்துப்போனால் மேலே வரும் வழியே தெரியாமல் போகும். ஆகவே இரண்டு, அல்லது ஒன்றும் அதோடு ஆழ-நேர மானியும் எழுதிய அட்டவணையும். அப்படியிருக்க, இன்று நீங்கள் வாங்கும் முதற்கருவி எப்படியும் நாளைக்குத் துணைக்கருவியாகத்தான் ஆகப்போகிறது. “இறுதிக் கருவி” ஒன்றை இன்றே வாங்கிவிட வேண்டும் என்ற பதற்றம் இங்கேயே பொருளற்றுப் போகிறது. இன்று வாங்குவது நல்ல துணைக்கருவியாக இருக்கத் தகுதி பெற்றதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நல்ல துணைக்கருவி எது? முதன்மைக் கருவியின் மொழியைப் பேசுவது. ஒன்று பூல்மன் கணக்கிலும் மற்றொன்று ஆர்ஜிபிஎம் கணக்கிலும் ஓடினால், ஏறி வரும்போது ஒன்று “மேலே போ” என்னும், மற்றொன்று “இன்னும் எட்டு நிமிடம் நில்” என்னும். களைப்பும் அலையும் சேர்ந்த வேளையில் அந்த வழக்கைத் தீர்த்துவைப்பது யார்? இதைவிடக் கொடிய சிக்கல் ஒன்று உண்டு. பொழுதுபோக்குக் கருவிகள் சில, தாம் விதித்த நிறுத்தத்தை நாம் தவிர்த்துவிட்டால் 24 அல்லது 48 மணி நேரம் தம்மைப் பூட்டிக்கொள்ளும். ஆழத்தையும் நேரத்தையும் காட்டுவதோடு சரி. புதியவர் அன்று மறுபடி இறங்காமல் தடுப்பதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் கட்டாய நிறுத்தம் உள்ள முக்குளிப்பில் முதன்மைக் கருவி அணைந்து, துணைக்கருவியின் தயவில் மேலே வந்துகொண்டிருக்கும்போது அது பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே வாங்குமுன் கையேட்டில் தேட வேண்டிய முதற்பகுதி இதுவே. கையேட்டை விற்பனைக்கு முன்பே இணையத்தில் இறக்கிப் படிக்கலாம், படிப்பவர் சிலரே.

எனவே என் பரிந்துரை: பூல்மன் கணக்கு, மாற்றக்கூடிய கிரேடியன்ட் ஃபேக்டர், குறைந்தது மூன்று நைட்ராக்ஸ் வாயுக்கள், பூட்டிக்கொள்ளாத தன்மை, வெறும் மானியாக ஓடும் முறை, கலங்கிய நீரில் படிக்கத்தக்க திரை. ஷியர்வாட்டர் நிறுவனத்தின் பெரெக்ரின் இவ்வகையில் அடங்கும். வேறு நிறுவனங்களிலும் தேடினால் உண்டு. பெரெக்ரினில் ஹீலியம் இல்லை. ஆனால் டெக்னிக்கல் பயிற்சியின் முதற்படிகள், 45 மீட்டர் வரையிலான அழுத்த நீக்கப் பயிற்சி உட்பட, ஹீலியம் இன்றியே நடைபெறுகின்றன. டிரைமிக்ஸ் நிலைக்கு வரும்போது அதே நிறுவனத்தின் பெர்டிக்ஸ் போன்ற முழுத்தகுதிக் கருவி ஒன்றை முதன்மையாக வாங்கிக்கொண்டு, பழையதை மானியாக மறுகையில் கட்டி, அட்டவணையோடு இறங்கலாம். டிரைமிக்ஸ் நிலையை எட்டுவோர் தொடங்கியவர்களில் எத்தனை பேர் என்பதை உங்கள் பயிற்சி மையத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முழுமையாகாது. தேசியத் தகுதித் தேர்வு எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு மாதம் ரூ.37,000, அது இல்லாத மத்தியப் பல்கலைக்கழக மாணவருக்கு ரூ.8,000. டிரைமிக்ஸ் கருவி ஒன்று முன்னவரின் இரண்டு மூன்று மாத உதவித்தொகையை விழுங்கிவிடும். பின்னவருக்கு அது பேச்சுக்கே இடமில்லாத தொகை. அந்தப் பணத்துக்கு நைட்ராக்ஸ் பயிற்சியும், மீட்புப் பயிற்சியும், இருபது முறை கடலில் இறங்கும் செலவும் முடியும். நாற்பது முறை இறங்கி மிதப்புக் கட்டுப்பாடு கைவந்த ஒருவர் சாதாரணக் கருவியோடு இருப்பதும், பத்தே முறை இறங்கியவர் கையில் ஐந்து வாயுக் கருவி மின்னுவதும் ஒப்பிடத்தக்கவை அல்ல. 6 மீட்டரில் அசையாமல் பத்து நிமிடம் நிற்கத் தெரியாதவருக்கு எந்தக் கணக்குமுறையும் உதவாது.

உருளையின் அழுத்தத்தைக் கம்பியின்றி மணிக்கட்டுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை இப்போது விட்டுவிடலாம். குழாயில் தொங்கும் மானி போதும். திசைகாட்டி வண்ணத்தில் சுழல்வதும் தேவையில்லை. பேட்டரியில் மட்டும் கருத்து வையுங்கள். பெர்டிக்ஸ் போன்றவற்றில் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரியே போதும். மட்டக்களப்பின் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மின்னேற்றம் செய்யும் வகையில் கிளம்புமுன் ஏற்ற மறந்தால் அன்றைய நாள் போயிற்று.

இந்த ஊர்க்காரர்களுக்கே உரிய ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு புதுச்சேரியில் முக்குளித்துவிட்டு இரவே கிளம்பி, விடியலில் அலிபிரி வழியாகத் திருமலை ஏறி ஏழுமலையானைத் தரிசித்து வரலாம் என்ற திட்டத்தை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பக்தியும் பொழுதுபோக்கும் ஒரே விடுமுறையில் அடங்கும் அழகிய திட்டம். ஆனால் திருமலை கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேலான உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. முக்குளித்தபின் விமானம் ஏறுவோருக்கான பொதுவான அறிவுரைகள் 600 முதல் 2,400 மீட்டர் வரையிலான உயர அழுத்தத்தை எண்ணி வகுக்கப்பட்டவை. திருமலை அந்த எல்லைக்குள் விழுகிறது. ஒரே முறை, நிறுத்தமின்றி முக்குளித்தால் குறைந்தது 12 மணி நேரம். பல முறை அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம். கட்டாய நிறுத்தமுள்ள முக்குளிப்பு என்றால் 18ஐவிடக் கணிசமாகக் கூடுதல். இத்தோடு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை நடந்து ஏறும் கடும் உழைப்பும் சேர்கிறது. முக்குளித்த உடனே கடும் உழைப்பைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம்.

டைவ் கம்ப்யூட்டரில் விமானச் சின்னம் மறையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். மலைப்பாதைப் பேருந்தும் அதே கணக்கில் அடங்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை, ஏனெனில் திரையில் இருப்பது விமானத்தின் படம்! சில கருவிகள் எந்த முக்குளிப்பாயினும் 24 மணி நேரக் கடிகாரத்தை ஓடவிடுகின்றன. சில திசு அறைகளின் நிலையைக் கணக்கிட்டுச் சொல்கின்றன. எதுவாயினும், தரிசனச் சீட்டை முதலில் முடித்துவிட்டுப் பிறகு கடலுக்குச் செல்வது எளிய தீர்வு. மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போவதில் இச்சிக்கல் இல்லை.

இத்தனையும் படித்த ஒருவர் கேட்கலாம்: தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்கு குளிப்போர் எந்தக் கம்ப்யூட்டரும் இன்றித்தானே தலைமுறைகளாக இறங்குகிறார்கள்? மூச்சடக்கி இறங்கிய காலத்தில் அது ஒருவகை. படகில் கம்ப்ரஸர் வைத்து, குழாய் வழியே காற்று வாங்கி, நாள் முழுவதும் அடியில் உழைக்கத் தொடங்கியபின் அது வேறுவகை. மூட்டுவலி என்றும் வாதம் என்றும் அவர்கள் சொல்லிக்கொள்ளும் துன்பங்களில் அழுத்த நோயின் பங்கு எவ்வளவு என்பதை அளக்க, அவர்களின் ஆழமும் நேரமும் முதலில் பதிவாக வேண்டும். மலிவான தொடக்கநிலைக் கருவிகளை நான் இகழாததற்கு இதுவும் ஒரு காரணம். நமக்குப் போதாது என்று நாம் ஒதுக்கும் கருவி, மானி நிலையில் ஓடி ஆழத்தையும் நேரத்தையும் பதிவு செய்தால், அந்தக் கரையில் அதற்கு வேலை இருக்கிறது. புதிய கருவி வாங்கியபின் பழையதை மேசை அறையில் போட்டு வைத்திருப்போர், மன்னார் வளைகுடாவில் களப்பணி செய்யும் நண்பர்களிடம் ஒரு சொல் கேட்டுப் பாருங்கள்.

பழைய கருவியை விலைக்கு வாங்குவோருக்கும் ஒன்று. கிணற்றடியில் அல்லது நீச்சல் குளத்தில், அளந்து முடிச்சிட்ட கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். சித்தூர்ப் பக்கத்து விவசாயக் கிணறுகள் பல இதற்குத் தாராளமாகப் போதும். கருவி காட்டும் அதிகபட்ச ஆழமும் கயிற்றின் அளவும் அரை மீட்டருக்குள் ஒத்திருந்தால் விலை பேசலாம். கிணற்று நீர் நன்னீர் என்பதால், கருவியை நன்னீர் அமைப்பில் வைத்தபின் இறக்க வேண்டும். கடல்நீர் அமைப்பிலேயே விட்டால் உண்மை ஆழத்தைவிட இரண்டு மூன்று விழுக்காடு குறைத்துக் காட்டும்.